கவனிக்கப்படாத சிட்டி பாப் பாடலைத் தேடிப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1970, 80களில் ஜப்பானில் உருவான பெருநகரப் பாப் இசையான சிட்டி பாப்புக்குள் வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறோம். மரியா தகேயூச்சியின் 'பிளாஸ்டிக் லவ்', மிக்கி மத்சுபராவின் 'மயோனகா நோ டோர்', அன்ரியின் 'லாஸ்ட் சம்மர் விஸ்பர்'. யூடியூப் இவற்றைக் காட்டும், கேட்டு முடித்தால் அடுத்த இருபது பாட்டைக் காட்டும், அதற்கப்புறம் அதே இருபதையே திருப்பிப் போட்டுக் காட்டும். உலகம் முழுக்க இருக்கும் சிட்டி பாப் பிளேலிஸ்ட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே பாடல்கள்தான்.

ஆனால் 1970களின் பிற்பாதியிலிருந்து 1980களின் கடைசி வரை டோக்கியோவின் ஸ்டூடியோக்கள் ராப்பகலாக ஓடின. அங்கே பதிவான பாடல்களில் நம் காதுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். மிச்சம் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. வழி எளிமையானது: பாடகரின் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பாட்டில் வாசித்தவர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: எந்தக் காலம், எந்த ஒலி என்று தெரிந்துகொள்ளுங்கள்

விதை 1970களின் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. ஹருவோமி ஹொசோனோ, எயிச்சி ஓதாக்கி, தகாஷி மத்சுமோட்டோ, ஷிகெரு சுசுகி ஆகிய நால்வரும் இருந்த 'ஹாப்பி எண்ட்' குழு, ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியும் என்று நிரூபித்தது. அந்தக் குழு கலைந்த பிறகு ஹொசோனோவும் சுசுகியும் மற்ற பாடகர்களுக்கு வாசிக்கப் போனார்கள். தத்சுரோ யமாஷிதாவும் தயேகோ ஓனுக்கியும் இருந்த 'சுகர் பேப்' குழு 1975-இல் 'சாங்ஸ்' என்ற ஒரே ஒரு ஆல்பம் வெளியிட்டுவிட்டுக் கலைந்தது. அமெரிக்க சோல், ஃபங்க், ஜாஸ், மென்மையான ராக் எல்லாவற்றையும் கரைத்து, பெருநகர வாழ்க்கைக்கு ஏற்ற பாட்டாக மாற்றியவர்கள் இவர்கள்.

1979-இல் வாக்மேன் வந்தது. கையில் காசு புரண்ட காலம். காரிலும் கடற்கரையிலும் கேட்பதற்கான பாட்டுக்குப் பெரிய சந்தை உருவானது. தேட ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் ஆண்டுகள் 1977 முதல் 1984 வரை. அதற்கு வெளியிலும் நல்ல பாட்டு உண்டு. ஆனால் கையால் வாசித்த பேஸும் டிரம்ஸும், நிஜமான பிராஸ் (ஊதுகருவி), ஸ்ட்ரிங்ஸ் (வயலின் வகை) கோஷ்டியும் தாராளமாகக் கிடைப்பது இந்த எட்டு ஆண்டுகளில்தான்.

படி 2: கையில் இருக்கும் பாட்டு எது என்று உறுதி செய்யுங்கள்

தேடல் ஒரு தெரிந்த பாட்டிலிருந்துதான் தொடங்கும். அந்தப் பாட்டைப் பற்றிய தகவலே தப்பாக இருந்தால் போகும் பாதை முழுக்கத் தப்பாகிவிடும்.

'பிளாஸ்டிக் லவ்' இதற்கு நல்ல உதாரணம். 1984-இல் 'வெரைட்டி' ஆல்பத்தில் வந்த பாட்டு. 1985-இல் சிங்கிளாக வெளியானபோது ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் 86-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 2017-இல் ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றிய பதிவுதான் இந்தப் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பதிவின் நீளம் ஏறக்குறைய எட்டு நிமிடம். ஆல்பத்தில் உள்ள பாட்டோ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அதாவது கோடிக்கணக்கானவர்கள் முதலில் கேட்டது ரசிகர் ஒருவர் நீட்டித்த வடிவம். அதில் இருந்த படமும் இந்தப் பாட்டின் அட்டைப்படம் கிடையாது. 'ஸ்வீட்டஸ்ட் மியூசிக்' என்ற 1980-ஆம் ஆண்டு சிங்கிளுக்காக ஆலன் லெவன்சன் எடுத்த புகைப்படம் அது. அவருடைய காப்புரிமைக் கோரிக்கையால் 2018-இன் கடைசியில் அந்தப் பதிவு நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டு திரும்ப வந்தது.

ஆகவே யூடியூபில் ஒரு பாட்டு பிடித்தால் உடனே மூன்றைச் சரிபாருங்கள்: நீளம், ஆண்டு, எந்த ஆல்பம் அல்லது சிங்கிள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து, வாங்கவும் விற்கவும் இடம் தரும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் மூன்றும் கிடைக்கும். வேகம் கூட்டிய, சுருதி மாற்றிய வடிவங்கள் ஏராளமாக உலவுகின்றன. ஃபியூச்சர் ஃபங்க் கலைஞர்கள் வெட்டி ஒட்டியவை தனி. அவையும் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் தேடலுக்கு மூலம்தான் வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களில் காட்டும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். பல நேரம் அது மறுவெளியீட்டின் ஆண்டு.

படி 3: உள்தாளைப் படியுங்கள். எல்லாம் அங்கேதான் இருக்கிறது

ஜப்பானிய எல்பி இசைத்தட்டுக்குள் பாடல் வரிகள் அச்சிட்ட ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே மூன்று பெயர்கள் போட்டிருப்பார்கள். வரி எழுதியவருக்கு முன்னால் 'சகுஷி', மெட்டமைத்தவருக்கு முன்னால் 'சக்கியோகு', இசைக்கோர்ப்பு செய்தவருக்கு முன்னால் 'ஹென்கியோகு' என்று ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இந்த மூன்று சொல்லின் வடிவமும் கண்ணுக்குப் பழகிவிட்டால் போதும், ஜப்பானிய மொழி தெரியாமலேயே எந்த உள்தாளையும் படித்துவிடலாம். வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். டிஸ்காக்ஸில் பயனர்கள் ஏற்றும் படங்களில் உள்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரிதாக்கிப் படியுங்கள்.

மூவரில் நான் முதலில் பார்ப்பது இசைக்கோர்ப்பாளர் பெயரைத்தான். மெட்டு எந்தப் பாணியிலும் இருக்கலாம். அதை சிட்டி பாப் ஆக்குவது கோர்ப்பு. பேஸ் எங்கே விலக வேண்டும், பிராஸ் எங்கே நுழைய வேண்டும், பல்லவிக்கு முன் அந்த அரை நொடி நிறுத்தம் வேண்டுமா என்று முடிவு செய்தவர் அவர்தான்.

சரி, ஒரு பாட்டை எடுத்துப் பார்ப்போம். 'மயோனகா நோ டோர்'. 1979 நவம்பரில் வந்த மிக்கி மத்சுபராவின் முதல் சிங்கிள். அப்போது ஓரிகானில் 28-ஆம் இடம் வரை போனது. 2020-இன் கடைசியில் டிக்டாக் வழியாகவும், ரைனிச் என்ற இந்தோனேசியப் பாடகியின் மறுபாடல் வழியாகவும் உலகம் முழுக்கப் பரவியது. மத்சுபரா அதைப் பார்க்கவில்லை. 2004-இல், 44 வயதில் காலமாகிவிட்டார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

வரி யோஷிகோ மியுரா. மெட்டும் கோர்ப்பும் தெத்சுஜி ஹயாஷி. டிரம்ஸ் தத்சுவோ ஹயாஷி. கிட்டார் மசாக்கி மத்சுபரா. பேஸ் சுகுதோஷி கோத்தோ. ஒரே பாட்டில் இரண்டு ஹயாஷி, இரண்டு மத்சுபரா. அதனால் குடும்பப் பெயரை மட்டும் குறித்து வைத்தால் அடுத்த அடியிலேயே குழப்பம் வந்துவிடும். முழுப்பெயரை எழுதுங்கள்.

இந்த ஒரு தாளிலிருந்து பல பாதைகள் கிளம்புகின்றன. டிரம்ஸ் வாசித்த தத்சுவோ ஹயாஷி, ஹொசோனோவோடும் ஷிகெரு சுசுகியோடும் 'டின் பான் அலி' குழுவில் இருந்தவர். 1973-இல் பாடகி யுமி அராயின் முதல் ஆல்பத்துக்குப் பின்னால் வாசித்த கூட்டம் அது. அப்புறம் அவரும் மசாக்கி மத்சுபராவும் சேர்ந்து 'பாராசூட்' என்ற குழுவில் வாசித்தார்கள். அதே பாராசூட்டின் கீபோர்டு கலைஞர் அகிரா இனோவே, 1981-இல் நடிகர் அகிரா தெராவோ பாடிய 'ரூபி நோ யுபிவா'வுக்கு இசைக்கோர்ப்பு செய்தார். அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்டு விருது அதற்குத்தான். ஒரு பாட்டிலிருந்து இரண்டே தாவலில் எங்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

டிஸ்காக்ஸில் மசாக்கி மத்சுபராவின் பெயரைச் சொடுக்கினால் அவர் வாசித்த இசைத்தட்டுகள் பக்கம் பக்கமாக வரும். அதில் 1977 முதல் 1984 வரை மட்டும் வடிகட்டுங்கள். தெரிந்த பெயர்களை ஒதுக்குங்கள். மிச்சமிருக்கும் பாடகர்களில் பெரும்பாலோர் நீங்கள் கேள்விப்பட்டிராதவர்களாக இருப்பார்கள். ஆனால் கிட்டார் அதே கிட்டார்தான்.

அடுத்தது இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. தெத்சுஜி ஹயாஷி ஒரு பாதை, பாடகரும் தயாரிப்பாளருமான தொஷிக்கி கதோமத்சு இன்னொரு பாதை. இருவரும் சந்திக்கும் இடம் அன்ரியின் 'கனாஷிமி க தோமராநாய்', 1983. மெட்டு ஹயாஷி, கோர்ப்பில் இருவரும் உண்டு, வரி சின்ஃபா கான். அதே சின்ஃபா கான்தான் ஹயாஷியின் மெட்டுகளுக்கு 'ஓமேகா டிரைப்' குழுவிலும் வரி எழுதினார். இப்படி உங்களுக்குப் பிடித்த இரண்டு பெயர்கள் ஒரே தாளில் வந்தால், கேட்காமலேயே அந்தத் தட்டைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

படி 4: ஜப்பானிய எழுத்திலேயே தேடுங்கள்

ஆங்கில எழுத்தில் தேடுவது பாதி வேலைக்குக்கூட ஆகாது. ஓனுக்கி, ஓஹாஷி போன்ற பெயர்களின் நெடிலை ஒருவர் எச் சேர்த்து எழுதுவார், ஒருவர் சேர்க்க மாட்டார், இன்னொருவர் மேலே கோடு போடுவார். விக்கிப்பீடியாவிலோ டிஸ்காக்ஸிலோ கலைஞர் பக்கத்துக்குப் போய், 'கான்ஜி' என்ற ஜப்பானிய எழுத்தில் உள்ள பெயரை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பாட்டின் மெட்டமைப்பாளர் யார் என்று எங்கேயும் கிடைக்காவிட்டால் ஜஸ்ராக் அமைப்பின் ஜே-விட் தரவுத்தளம் உதவும். ஜப்பானின் காப்புரிமை வசூல் அமைப்பு அது. பாட்டின் தலைப்பைப் போட்டால் வரி எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்கள் வந்துவிடும். வாசித்தவர்கள் பெயர் அதில் இருக்காது.

படி 5: மற்றவர்கள் தாண்டிப் போகும் பெட்டிகளைத் திறங்கள்

கவனிக்கப்படாத பாட்டு அதிகம் ஒளிந்திருப்பது ஐடல் பாடகிகளின் ஆல்பங்களில். தொலைக்காட்சிக்காக உருவாக்கப்பட்ட இளம் நட்சத்திரங்கள் என்று இசை ஆர்வலர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பெரிய தவறு அது. நிறுவனங்கள் இந்தப் பெண்களுக்காகச் செலவழித்த பணத்தில்தான் நாட்டின் சிறந்த ஸ்டூடியோக் கலைஞர்கள் வாசித்தார்கள். சிங்கிளாக வரும் பாட்டு துள்ளலாக, எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். ஆல்பத்தின் உள்ளே போனால் இசைக்கோர்ப்பாளர் தன் விருப்பப்படி விளையாடியிருப்பார்.

மொமோக்கோ கிக்குச்சியின் முதல் ஆல்பம் 'ஓஷன் சைடு', 1984. மெட்டும் கோர்ப்பும் தெத்சுஜி ஹயாஷி. தயாரிப்பு கோயிச்சி ஃபுஜிதா, அதாவது ஓமேகா டிரைப் குழுவை உருவாக்கியவர். அதில் உள்ள 'பிளைண்ட் கர்வ்' பாட்டைக் கேளுங்கள். குரல் மெலிசாக, கிட்டத்தட்டக் காற்றாக இருக்கும். ஹயாஷி அந்தக் குரலை உரக்கப் பாடச் சொல்லவில்லை. சுற்றியிருக்கும் பேஸையும் கீபோர்டையும் இறுக்கமாக நடக்கவிட்டு, குரலை மேலே மிதக்கவிட்டிருக்கிறார். 'மயோனகா நோ டோர்' போட்டுவிட்டு உடனே இதைப் போட்டால் ஒரே கை என்று தெரிந்துவிடும். நடிகை மிஹோ நகயாமாவின் 'கேட்ச் த நைட்', 1988, கதோமத்சு தயாரித்தது. அதுவும் இதே ரகம்.

அடுத்த பெட்டி, ஒரே ஒரு ஆல்பத்தோடு காணாமல் போனவர்கள். தகாக்கோ மமியா 1982-இல் 'லவ் டிரிப்' என்று ஒரே ஆல்பம் செய்தார். பட்டுப் போன்ற பாட்டுகள். இன்று தேடி அலையும் தட்டுகளில் அதுவும் ஒன்று. இரண்டாவது ஆல்பம் இல்லாதவருக்கு விளம்பரமும் இல்லை, மறுவெளியீடு கேட்டு நிற்பவரும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்டவை பல ஆண்டுகள் அடியில் தங்கிவிடுகின்றன.

பின்பக்கப் பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு அங்குல சிங்கிளின் பின்பக்கம் பல நேரம் எந்த ஆல்பத்திலும் சேராது. குறுந்தட்டு வந்தபோதும் விட்டுப் போயிருக்கும். டிஸ்காக்ஸில் ஒரு பாடகரின் ஆல்பங்களை முடித்துவிட்டு சிங்கிள்கள் பகுதியையும் கட்டாயம் திறந்து பாருங்கள்.

படி 6: தட்டின் எண்ணை வாசியுங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் மிகவும் பயன்படும். சிபிஎஸ் சோனி இசைத்தட்டுகளின் எண்ணில் விலையே ஒளிந்திருக்கும். எயிச்சி ஓதாக்கியின் 'எ லாங் வெக்கேஷன்', 1981, எண் 27ஏஎச் 1234. முன்னால் உள்ள 27 என்றால் 2,700 யென். 25ஏஎச் என்றால் 2,500. 07எஸ்எச் என்று தொடங்கினால் 700 யென் சிங்கிள். வேறு சில நிறுவனங்களும் இதே வழக்கத்தை வைத்திருந்தன. விலை படிப்படியாக ஏறியதால், ஆண்டு தெரியாத தட்டின் காலத்தை எண்ணை வைத்தே ஓரளவு கணித்துவிடலாம். ஒரே வரிசையில் முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தேடிப் பார்ப்பதும் உண்டு. அதே மாதத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட, நீங்கள் கேள்விப்பட்டிராத பெயர்கள் அப்படித்தான் கிடைக்கும்.

அட்டைப்படம் ஒரு குறிப்புதான், சான்று கிடையாது. ஹிரோஷி நகாய் வரைந்த நீச்சல் குளம், எய்சின் சுசுகி வரைந்த வெயில் தெரு ஆகியவற்றின் சாயல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆனால் அற்புதமான பாட்டுள்ள எத்தனையோ தட்டுகளின் அட்டையில் பாடகியின் முகம் மட்டுமே இருக்கும். அட்டையை மட்டும் நம்பித் தேடுபவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

படி 7: முப்பது நொடியில் எதைக் கேட்க வேண்டும்

பட்டியல் நீளமானதும் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க நேரம் இருக்காது. நான் முதலில் பேஸைக் கேட்பேன். அது தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்கிறதா, இல்லை தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கிறதா? நடந்தால் பாட்டை நிறுத்த மாட்டேன். அடுத்தது ரிதம் கிட்டார். தந்தியை அமுக்கி அமுக்கி வெட்டுகிற அந்தச் சத்தம் மெல்லியதாக ஒரு ஓரத்தில் வந்துகொண்டே இருக்கும்.

கீபோர்டு ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் விற்பனைக்கு வந்தது 1983-இல். கண்ணாடி மணி போல ஒலிக்கும் மின்பியானோ கேட்டால் அந்தப் பதிவு பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. வட்டமாக, கொஞ்சம் கரகரப்போடு ஒலித்தால் ஃபெண்டர் ரோட்ஸ் என்ற பழைய மின்பியானோ. 1983-க்கு முந்தைய பதிவுகளில் அதுதான் அதிகம். எனக்கு ரோட்ஸ்தான் பிடிக்கும். டிஎக்ஸ்7 பக்கம் சாய்பவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

ஆல்பத்தின் முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு மூடிவிடாதீர்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவே இருக்கும் பாட்டை எப்போதும் ஒரு முறை போட்டுப் பார்ப்பேன். சிங்கிள் ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத பாட்டுகளை அங்கேதான் வைப்பார்கள்.

படி 8: உண்மையிலேயே கவனிக்கப்படாததா என்று பாருங்கள்

டிஸ்காக்ஸ் பக்கத்தில் அந்தத் தட்டு எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் வேண்டும் என்று குறித்திருக்கிறார்கள் என்று இரண்டு எண்கள் இருக்கும். வேண்டும் என்பவர்கள் மிக அதிகமாக இருந்தால் அது ஏற்கெனவே வேட்டையாடப்படும் தட்டு. இரண்டுமே குறைவாக இருந்து, உள்தாளில் நல்ல பெயர்கள் இருந்தால், நீங்கள் தேடியது அதுதான்.

இந்த நிலை மாறவும் செய்யும். தயேகோ ஓனுக்கியின் 'சன்ஷவர்' 1977-இல் வந்தபோது பெரிதாக விற்கவில்லை. கோர்ப்பு ரியுயிச்சி சகமோட்டோ, டிரம்ஸ் அமெரிக்காவின் 'ஸ்டஃப்' குழுவைச் சேர்ந்த கிறிஸ் பார்க்கர். 2017-இல் அந்தத் தட்டைத் தேடி ஜப்பானுக்கு வந்த ஓர் அமெரிக்க ரசிகரை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டியது. அதன் பிறகு ஜப்பானியர்களே அதைத் தேட ஆரம்பித்தார்கள்.

வேறொருவர் தோண்டிய தடத்தைப் பின்பற்றுவதிலும் தப்பில்லை. லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 2019 முதல் வெளியிடும் 'பசிபிக் பிரீஸ்' தொகுப்புகள் நல்ல தொடக்கம். ஜப்பானியத்தில் கனசாவா தொஷிகாசுவின் 'லைட் மெல்லோ' கையேடுகள் உண்டு. பிற நாட்டுப் பாடகர்கள் எடுத்தாண்ட பாட்டுகளையும் பாருங்கள். 2022-இல் த வீக்எண்டின் 'அவுட் ஆஃப் டைம்' வந்த பிறகுதான் தொமோக்கோ அரானின் 'மிட்நைட் பிரிடெண்டர்ஸ்', 1983, பலருக்குத் தெரிந்தது. அந்த ஒரு பாட்டோடு நிற்காமல் அது இருக்கும் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள்.

படி 9: கேட்பதும் வாங்குவதும்

முதலில் அதிகாரப்பூர்வமான ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் ஏராளமான பழைய ஆல்பங்கள் ஏறிவிட்டன. தத்சுரோ யமாஷிதா தன் பாடல்களை ஸ்ட்ரீமிங்கில் விடுவதில்லை. அவரைக் கேட்கத் தட்டு வாங்கத்தான் வேண்டும். 'ஃபார் யூ' உள்ளிட்ட அவருடைய பழைய ஆல்பங்கள் 2023-இல் எல்பியாகவும் கேசட்டாகவும் மறுபடி வந்தன.

பழைய தட்டு வாங்குவதாக இருந்தால், அட்டையைச் சுற்றியிருக்கும் 'ஓபி' என்ற காகிதப் பட்டைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். சேகரிப்பாளர்களுக்கு அது முக்கியம். கேட்பவருக்கு முக்கியம் உள்தாள். விற்பவரிடம் உள்தாள் இருக்கிறதா என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்த்தால் தட்டின் விலையையே தாண்டிவிடும் என்பதால், ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குவது நல்லது. டோக்கியோ போகும் வாய்ப்பு கிடைத்தால் டிஸ்க் யூனியன் கடைகளின் மலிவுப் பெட்டிகளை விட்டுவிடாதீர்கள். சிட்டி பாப் என்று பெயர் எழுதிய அடுக்கில் விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். ஐடல் அடுக்கிலும் பழைய பாப் அடுக்கிலும்தான் நமக்கு வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கண்டுபிடித்த தட்டின் பக்கத்தில் வாசித்தவர்கள் பெயர் இல்லாவிட்டால், உள்தாளைப் பார்த்து நீங்களே டிஸ்காக்ஸில் சேர்த்துவிடுங்கள். கணக்கு வைத்திருக்கும் யாரும் சேர்க்கலாம். டிரம்ஸ், பேஸ், கிட்டார், கோரஸ் வரைக்கும் எல்லோருடைய பெயரையும் போடுங்கள். அந்த பேஸ் கலைஞரின் பெயரைச் சொடுக்கும் அடுத்த ஆளுக்கு உங்கள் பாட்டும் பட்டியலில் வரும்.